ஒரு பதிவேடு, பல கைகள்: நெய்வேலியை முன்வைத்து ஒரு தரவுத்தள ஆய்வு

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பர் 14 அன்று தொடங்கப்பட்டது. சுரங்கம், அனல்மின் நிலையம், ஊழியர் குடியிருப்பு, மருத்துவமனை, பள்ளி, குடிநீர், சாலை எல்லாம் ஒரே முதலாளியின் கீழ் வரும்படி திட்டமிட்டுக் கட்டிய ஊர் அது. வட்டம் வட்டமாகப் பிரிந்திருக்கும் அந்த ஊரில் ஒரே மனிதர் காலையில் சுரங்கத்தில் ஷிப்ட் ஆள், மதியம் மருத்துவமனையில் நோயாளியின் தகப்பன், மாலையில் குவார்ட்டர்ஸ் கூரை ஒழுகுகிறது என்று புகார் எழுதும் குடியிருப்பாளர். மூன்று அலுவலகங்களின் மூன்று பதிவேடுகளில் அவர் பெயர் ஏறும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று எந்தப் பதிவேடு சொல்லும்? இரண்டு பதிவேடுகள் முரண்பட்டால் எதை நம்புவது?

பலர் ஒரே நேரத்தில் எழுதியும் படித்தும் புழங்கும் தகவலை எந்த வடிவில், எந்த இடத்தில், யார் பொறுப்பில் வைப்பது என்ற கேள்விக்குக் கடந்த அறுபது ஆண்டுகளில் பல பதில்கள் வந்திருக்கின்றன. அவற்றில் நீண்ட காலம் நிலைத்தது உறவுநிலைத் தரவுத்தளம். அந்தப் பதில் எங்கே வலுவானது, எங்கே இளைக்கிறது என்று நெய்வேலி போன்ற ஒரு சுரங்க நகரத்தின் தரவுகளை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த நிறுவனம் எந்த மென்பொருளை வாங்கியது என்ற கணக்கு இங்கே வராது. தரவின் இயல்பும் அதைத் தாங்க வந்த கருவிகளின் இயல்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே பேச்சு.

கேள்வியின் பூர்வீகம்

கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குள் வந்த புதிதில் ஒவ்வொரு புரோகிராமும் தனக்கென ஒரு கோப்பு வைத்துக்கொண்டது. சம்பளக் கோப்பில் ஊழியரின் முகவரி இருக்கும். வீட்டு ஒதுக்கீட்டுக் கோப்பிலும் அதே முகவரி இருக்கும். ஒன்றில் திருத்தினால் மற்றதில் திருந்தாது. இந்தச் சிக்கலுக்கு முதல் பெரிய பதிலைத் தந்தவர் சார்லஸ் பாக்மன். 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் அவர் உருவாக்கிய ஐடிஎஸ், பதிவுகளைச் சங்கிலிகளாகக் கோத்து வைத்தது. புரோகிராம் எழுதுபவர் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அப்பல்லோ விண்வெளித் திட்டத்தின் உதிரிப்பாகப் பட்டியலுக்காக ஐபிஎம் அதே பத்தாண்டின் பிற்பகுதியில் உருவாக்கிய ஐஎம்எஸ், தகவலை மரமாக அடுக்கியது: எந்திரம், அதற்குள் தொகுதி, அதற்குள் பாகம்.

நெய்வேலியின் ஸ்டோர்ஸ் பட்டியலுக்கு இந்த மர வடிவம் முதல் பார்வையில் கச்சிதமாகப் பொருந்தும். சக்கர வாளி எந்திரத்துக்குக் கீழே அதன் கை, கைக்குக் கீழே கியர்பாக்ஸ், கியர்பாக்ஸுக்குள் பேரிங். ஆனால் அதே பேரிங் கன்வேயர் மோட்டாரிலும் இருந்தால் அதை இரண்டு கிளைகளில் எழுத வேண்டும், அல்லது குறுக்கே தனி இணைப்பு போட வேண்டும். கேள்வியைத் தலைகீழாக்கினால் சிக்கல் கூடும். ‘இந்த எந்திரத்தில் என்னென்ன பாகங்கள்’ என்பதற்கு மரம் உடனே பதில் தரும். ‘இந்தப் பேரிங் எந்தெந்த எந்திரங்களில்’ என்று கேட்டால், அதற்கு முன்கூட்டியே வழி செய்திராதபோது மரம் முழுவதையும் துழாவ வேண்டும். தரவை வடிவமைத்தவர் முன்பே நினைத்துப் பார்த்த கேள்விகளுக்கு வேகமான பதில், நினைக்காதவற்றுக்குப் புதிய புரோகிராம். ஆனாலும் அந்த வேகம் பொய்யில்லை. உலகின் சில பெரிய வங்கிகளில் ஐஎம்எஸ் இன்றும் ஓடுகிறது.

காட் சொன்ன பதில்

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரை, பெரிய, பலர் பகிர்ந்துகொள்ளும் தரவு வங்கிகளைப் பற்றியது என்று தன் தலைப்பிலேயே சொல்லிக்கொண்டது. உறவுநிலை முறை எனப்படும் அதன் சாரம் இதுதான்: எல்லாத் தகவலையும் அட்டவணைகளாக வையுங்கள். அட்டவணைகளுக்கு இடையே சங்கிலி வேண்டாம், பொது மதிப்புகளே இணைப்பாகட்டும். கேட்பவர் என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும், எப்படித் தேடுவது என்பதை எந்திரம் முடிவு செய்யட்டும். இந்த மூன்றில் கடைசியே பெரிய மாற்றம் என்று கருத இடமுண்டு. தரவு எப்படிச் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதிலிருந்து கேள்வியை அது விடுவித்தது.

எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. 1974-இல் ஆன் ஆர்பரில் பாக்மன் அணியும் காட் அணியும் நேருக்கு நேர் விவாதித்தன. இவ்வளவு கணிதம் புரோகிராமர்களுக்கு எதற்கு, இது ஓடவே ஓடாது என்பது ஒரு தரப்பின் வாதம். அந்த ஐயம் நியாயமற்றதல்ல. பெரிய அளவில் ஓடிக் காட்டிய அமைப்பு அப்போது எதுவும் இல்லை. சேம்பர்லினும் பாய்ஸும் அதே ஆண்டு வடிவமைத்த சீக்வெல் மொழி பின்னாளில் எஸ்கியூஎல் ஆனது. ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டமும் பெர்க்லியில் ஸ்டோன்பிரேக்கரும் வாங்கும் நடத்திய இங்கிரஸ் திட்டமும்தான் ஐயத்தைத் தீர்த்தன. 1979-இல் பட்ரீசியா செலிங்கரும் உடனிருந்தவர்களும் வெளியிட்ட முறை, ஒரு கேள்விக்கான பல தேடல் வழிகளின் செலவை மதிப்பிட்டு மலிவானதைத் தேர்ந்தெடுத்தது. இன்றைய தரவுத்தளங்களின் மூளை பெரும்பாலும் அந்தக் கட்டுரையின் வழித்தோன்றல்.

அந்த மூளைக்குள்ளேயே ஒரு பலவீனமும் இருக்கிறது. எத்தனை வரிகள் தேறும் என்ற மதிப்பீடு தவறினால், தேர்ந்தெடுத்த வழி பல மடங்கு மெதுவானதாகிவிடும். சென்னை ஐஐடியில் பட்டம் பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ஜெயந்த் ஹரித்சாவின் ஆய்வுகளில் முக்கியமான ஒரு பகுதி இதைப் பற்றியது. மதிப்பீட்டையே நம்பாமல், மிக மோசமான நிலையிலும் செலவுக்கு ஓர் எல்லை வகுக்க முடியுமா என்று அவர் குழு 2014-இல் முன்வைத்த முறை கேட்டது. கேள்வி இன்னும் மூடப்படவில்லை. அதே சென்னை ஐஐடியில் படித்த எஸ். சுதர்சன், சில்பர்ஷாட்ஸ், கோர்த் ஆகியோரோடு சேர்ந்து எழுதிய பாடநூலைத் தமிழ்நாட்டின் பொறியியல் மாணவர்கள் பலர் தேர்வுக்கு முந்தைய இரவில் புரட்டியிருப்பார்கள். உறவுநிலைக் கோட்பாடு இங்கே பரவியதில் அந்தப் புத்தகத்துக்குப் பங்குண்டு. தேர்வுக்கு அப்பால் எவ்வளவு பரவியது என்பது வேறு விஷயம்.

ஒரே வரியில் இரண்டு கை

ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் அட்டவணை அழகான பட்டியல், அவ்வளவுதான். பலர் ஒரே நேரத்தில் தொடும்போதுதான் தரவுத்தளத்தின் உண்மையான வேலை தொடங்குகிறது. ஸ்டோர்ஸில் ஒரே ஒரு மோட்டார் மிச்சம். முதல் சுரங்கத்திலிருந்தும் இரண்டாம் சுரங்கத்திலிருந்தும் ஒரே நிமிடத்தில் இண்டென்ட், அதாவது பொருள் கேட்புச் சீட்டு, வருகிறது. இரண்டு திரைகளும் ‘இருப்பு 1’ என்று காட்டுகின்றன, இரண்டும் எடுத்துக்கொள்கின்றன. ஒரு மோட்டார் இரண்டு இடங்களுக்கு வழங்கப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடும்.

இதற்கான முறையான தீர்வை 1976-இல் கே. பி. ஈஸ்வரன், ஜிம் கிரே, லோரி, டிரெய்கர் நால்வரும் சேர்ந்து எழுதினார்கள். ஒவ்வொரு பரிவர்த்தனையும் (சேர்ந்தே நடக்க வேண்டிய படிகளின் தொகுப்பு), மற்றவர் குறுக்கிடாதபடி தனக்கு வேண்டிய பூட்டுகள் அனைத்தையும் வாங்கி முடிக்கும்வரை எந்தப் பூட்டையும் விடக் கூடாது. இப்படிச் செய்தால், எத்தனை பேர் ஒரே நேரத்தில் புழங்கினாலும், ஒருவர் பின் ஒருவராக வரிசையில் வந்தால் கிடைக்கும் விளைவே கிடைக்கும் என்று காட்டினார்கள். விலை, காத்திருப்பு. ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவருடையதற்காக இருவரும் காத்திருந்தால் முட்டுக்கட்டை. ஒருவரை வெளியேற்றித்தான் தீர வேண்டும்.

அடுத்தது மின்தடை. மின்சாரம் தயாரிக்கும் ஊரிலும் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போகத்தான் செய்யும். பாதி எழுதிய பரிவர்த்தனையை என்ன செய்வது? சென்னை ஐஐடியில் 1977-இல் வேதிப் பொறியியல் பட்டம் பெற்று ஐபிஎம்மில் சேர்ந்த சி. மோகன், சக ஆய்வாளர்களுடன் 1992-இல் வெளியிட்ட ஏரீஸ் முறை இதற்குத் தந்த பதில் இன்று ஏறத்தாழப் பொதுவழக்கு. ஒவ்வொரு மாற்றத்தையும் தரவில் எழுதும் முன் குறிப்பேட்டில் எழுது. மின்சாரம் திரும்பியதும் குறிப்பேட்டை வைத்து, நடந்ததையெல்லாம் நடந்த வரிசையிலேயே மறுபடி நிகழ்த்து. பிறகு முடியாமல் நின்றவற்றை மட்டும் பின்னோக்கி அழி. முடியாதவற்றையும் முதலில் மறுபடி நிகழ்த்த வேண்டும் என்பது வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் அதனால்தான் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பூட்டுப் போடும் நுண்மையான ஏற்பாடுகளிலும் மீட்பு சிக்கலில்லாமல் நடக்கிறது.

பூட்டுகளுக்கு மாற்றாக வளர்ந்தது பல பதிப்பு முறை. படிப்பவருக்குப் பழைய பதிப்பைக் காட்டு, எழுதுபவர் புதியதை உண்டாக்கட்டும். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க வேண்டாம். ஆரக்கிளும் போஸ்ட்கிரஸும் இந்த வழியில் வந்தவை. இங்கே ஒரு மறைவான குழி இருக்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தம் மிகுந்த நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இடைவிடாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத் தரை தாங்கும். ஒரு பகுதியில் இரண்டு பம்புகள் இருக்கின்றன, குறைந்தது ஒன்றாவது ஓட வேண்டும் என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மேற்பார்வையாளர் இரண்டாவது ஓடுவதைத் திரையில் பார்த்து முதலாவதைப் பராமரிப்புக்கு எடுக்கிறார். அதே கணத்தில் இன்னொருவர் முதலாவது ஓடுவதைப் பார்த்து இரண்டாவதை எடுக்கிறார். இருவரும் பார்த்தது சரியான பழைய பதிப்பு. இருவரும் எழுதியது வெவ்வேறு வரி. எந்த மோதலும் பதிவாகாது, விதி மட்டும் உடைந்துவிடும்.

1995-இல் பெரன்சன், கிரே முதலானோர் எழுதிய விமர்சனக் கட்டுரை இவ்வகைப் பிழையைத் துலக்கமாக எடுத்துக்காட்டியது. எஸ்கியூஎல் தரநிலையில் எழுதியிருந்த பாதுகாப்பு நிலைகளின் வரையறை போதாது என்பதும் அதிலிருந்து தெரிந்தது. போஸ்ட்கிரஸ் 2011-இல் வந்த 9.1 பதிப்பில்தான் முழுமையான வரிசைப் பாதுகாப்பைத் தந்தது. அதுவும் தானாக வருவதில்லை, கேட்டு வாங்க வேண்டும். பல மென்பொருள்கள் இயல்பாக ஓடும் நிலை அதைவிடத் தளர்வானது. உறவுநிலைத் தரவுத்தளம் வாங்கிவிட்டால் தரவு பத்திரம் என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்த ஓர் இடமே போதிய எச்சரிக்கை.

எங்கே வைப்பது

வடிவம் ஒருவாறு முடிவான பிறகு இடம் சர்ச்சையானது. இந்தியாவில் இதற்குத் தனி வரலாறு உண்டு. ஐபிஎம் 1978-இல் வெளியேறியது. 1984 நவம்பரின் புதிய கம்ப்யூட்டர் கொள்கை இறக்குமதியைத் தளர்த்தியது. 1980களில் வங்கிக் கிளைகளைக் கணினிமயமாக்கும் முயற்சிகள் யூனிக்ஸ், ஜீனிக்ஸ் எந்திரங்களுக்குச் சந்தையைத் திறந்தன. ஒரு மைய எந்திரம், அதில் செருகிய பல டெர்மினல்கள், ஃபாக்ஸ்பேஸ் அல்லது கோபோல் கோப்புகள்: பல அலுவலகங்களின் முதல் பலர்-புழங்கும் ஏற்பாடு இப்படித்தான் இருந்தது. பின்னர் பர்சனல் கம்ப்யூட்டர்களை வலையில் கோத்து, பொதுக் கோப்பை எல்லோரும் திறக்கும் முறை வந்தது. ஒரு கம்ப்யூட்டர் நடுவில் நின்றால், தேடலுக்கான பொதுச் சுட்டி (இண்டெக்ஸ்) கெட்டுப்போகும். காலையில் முதல் வேலை சுட்டியைத் திரும்பக் கட்டுவது.

1987-இல் சைபேஸ் வெளியிட்ட எஸ்கியூஎல் சர்வர் கிளையன்ட்-சர்வர் முறையைப் பிரபலமாக்கியது. கேள்வி ஒர்க்ஸ்டேஷனிலிருந்து போகும், பதில் மட்டும் சர்வரிலிருந்து திரும்பும். விதிகளையும் சர்வரிலேயே எழுதிவைக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. வீட்டு ஒதுக்கீட்டில் ஒரே காலத்தில் ஒரு வீட்டுக்கு இருவர் கூடாது என்ற விதியைத் தரவுக்குப் பக்கத்திலேயே வைத்தால், எந்த அலுவலகத்தின் எந்தத் திரையும் அதை மீற முடியாது. நிறுவனத்தின் எல்லாக் கணக்கையும் ஒரே மென்பொருளில் அடக்க அடுத்த பத்தாண்டில் வந்த ஈஆர்பி அலை இந்தப் போக்கைத் திருப்பியது என்பது பலர் கவனிக்காத ஒன்று. 1992-இல் வந்த எஸ்ஏபி ஆர்/3 பல தரவுத்தளங்களின் மேல் ஓட வேண்டியிருந்ததால், அட்டவணைகளுக்கு இடையிலான விதிகளைப் பெரும்பாலும் தன் புரோகிராமுக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அடியில் இருக்கும் உறவுநிலைத் தரவுத்தளம் வெறும் கிடங்கானது. இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி, என்டிபிசி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் இவ்வழியில் போயின. ஒரே அமைப்பு, ஒரே குறியீடு, ஒரே கணக்கு என்ற நன்மை பெரிது. தரவின் ஒழுங்கைத் தரவுத்தளமே காக்க வேண்டும் என்ற காடின் எதிர்பார்ப்பு அதில் அமைதியாகக் கைவிடப்பட்டது.

மையப்படுத்துவதற்கு எதிர்முனையில் ரயில்வே முன்பதிவு ஒரு நல்ல மாதிரி. 1985-இல் டெல்லியில் தொடங்கிய அது, பிறகு சென்னை உள்ளிட்ட ஐந்து மையங்களாக வளர்ந்தது. ஒவ்வொரு மையமும் தன் பகுதி ரயில்களின் தரவைத் தானே வைத்துக்கொண்டது. 1999-இல் கான்செர்ட் மென்பொருள் மையங்களையெல்லாம் இணைத்தபோது, தரவு இருந்த இடத்திலேயே இருந்தது. கேள்விதான் உரிய மையத்துக்குப் பயணப்பட்டது. ஒரு ரயிலின் இருக்கைகளுக்கு ஒரே ஓர் உரிமையாளர் மையம். அதனால் முரண்பாடு எழவில்லை.

நெய்வேலி நிறுவனத்தின் பரப்பும் இப்போது ஊரோடு நிற்கவில்லை. ராஜஸ்தானில் பர்சிங்சர், தூத்துக்குடியில் கூட்டு மின்நிலையம், ஒடிசாவில் தலபிரா சுரங்கம் என விரிந்திருக்கிறது. பிணைய இணைப்பு அறுந்தால் வேலையை நிறுத்துவதா, முரண்பாட்டை ஏற்றுக்கொண்டு தொடர்வதா என்று எரிக் புரூவர் 2000-இல் எழுப்பிய கேள்வி இத்தகைய அமைப்புகளைத்தான் நேராகத் தொடுகிறது. ரயில்வேயின் வழியைப் பின்பற்றலாம்: பர்சிங்சர் நிலக்கரிக் கணக்குக்கு பர்சிங்சரே உரிமையாளர். ஆனால் இடம் மாற்றலாகி வரும் ஊழியருக்கு யார் உரிமையாளர்? ரயில் இருக்கை ஊர் மாறுவதில்லை, ஊழியர் மாறுகிறார்.

உறவுநிலைக்கு வந்த எதிர்ப்புகள்

1980களின் இறுதியில் பொருள்நோக்குத் தரவுத்தளக்காரர்கள் அட்டவணை மிகத் தட்டையானது என்றார்கள். அந்த அலை சில வடிவமைப்புத் துறைகளைத் தாண்டவில்லை. 2006-இல் கூகுளின் பிக்டேபிள் கட்டுரையும் 2007-இல் அமேசானின் டைனமோ கட்டுரையும் தொடங்கிவைத்த நோ-எஸ்கியூஎல் அலை பெரிது. அளவுக்காகப் பரிவர்த்தனையை விட்டுக்கொடுக்கலாம் என்பது அதன் சாரம். அந்த கூகுளே 2012-இல் ஸ்பேனர் மூலம் பரிவர்த்தனைக்குத் திரும்பியது. இந்தச் சர்ச்சையில் ஒரு சுரங்க நகரத்துக்குப் பயன்படும் செய்தி குறைவு. அதன் ஊழியர் கணக்கு அமேசானின் கடைக்கூடை அளவுக்கு வளரப்போவதில்லை.

ஸ்டோன்பிரேக்கரும் செட்டின்டெமலும் 2005-இல் எழுப்பிய வாதம் வேறு வகை, இங்கே அது முக்கியம். எல்லாருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்த காலம் முடிந்தது என்றார்கள். நெய்வேலியில் அதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தென் மண்டலத்தில் 2003 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இருப்பு அடிப்படைக் கட்டண முறையில் ஒரு நாள் பதினைந்து நிமிடங்கள் கொண்ட 96 பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு மின்சாரம் தர ஒப்புக்கொண்டது, எவ்வளவு தந்தது என்று பதிவாக வேண்டும். ஆண்டுக்கு ஓர் அலகுக்கு 35,040 வரிகள். இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 210 மெகாவாட் அலகுகள் ஏழுக்கும் சேர்த்து 2,45,280. உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு இது ஒன்றுமே இல்லை. பணம் சார்ந்த கணக்கு என்பதால் பரிவர்த்தனைப் பாதுகாப்பும் அவசியம்.

அதே அலகின் கொதிகலன் வெப்பநிலையும் அதிர்வும் நொடிக்கு ஒருமுறை பதிவாகின்றன என்று கொள்வோம். ஓர் அளவுமானிக்கு நாளொன்றுக்கு 86,400 மதிப்புகள். ஆயிரம் அளவுமானிகளுக்கு 8.64 கோடி. இவற்றை யாரும் திருத்துவதில்லை, இவற்றுக்குப் பூட்டு வேண்டாம், பெரும்பாலும் காலவரிசையில் மட்டுமே படிக்கிறார்கள். அட்டவணையில் வரிவரியாக வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் செலுத்தும் மேல்செலவு, தரவைவிடப் பெரிதாகிவிடும். மின்நிலையங்கள் இதற்காகத் தனி வரலாற்றுச் சேமிப்பான்களைப் பயன்படுத்துவதும், அவை மாறாத மதிப்புகளை விட்டுவிட்டு மாற்றங்களை மட்டும் குறிப்பதும் வழக்கம். ஸ்டோன்பிரேக்கரின் வாதம் இந்த அளவில் ஏற்கத்தக்கதே. அவர் குறைத்துச் சொன்ன செலவு இரண்டு அமைப்புகளுக்கும் நடுவில் உள்ள எல்லையில் இருக்கிறது: எந்த அதிர்வு எந்த மோட்டாருடையது, அந்த மோட்டார் எந்த இண்டென்டில் வந்தது என்று இணைக்கும் அட்டவணையை யார் பராமரிப்பது? மோட்டாரைக் கழற்றி வேறிடத்தில் மாட்டிய அன்று அதை யார் திருத்துவது?

இரண்டு அளவை, இரண்டு காலம்

ஓர் உண்மையை ஓரிடத்தில் மட்டும் எழுது என்பது காட் தொடங்கிவைத்த இயல்பாக்கத்தின் மையம். சுரங்கத்தின் தரவு இந்த விதிக்கு எளிதில் பணிவதில்லை. சுரங்கத்திலிருந்து கன்வேயரில் மின்நிலையத்துக்குப் போன பழுப்பு நிலக்கரி எவ்வளவு? பெல்ட் எடைமானி ஒரு டன் கணக்கைச் சொல்லும். மாத இறுதியில் நில அளவையர் குழியை அளந்து, கன அளவை அடர்த்தியால் பெருக்கி வேறொரு டன் கணக்கைச் சொல்வார். எரிந்த வெப்பத்தையும் உற்பத்தியான யூனிட்டையும் வைத்து மின்நிலையம் மூன்றாவதைச் சொல்லலாம். ஏறத்தாழப் பாதி ஈரமான கரி இது. வழியில் ஈரம் மாறினாலே எடை மாறும். மூன்றில் எதுவும் பொய்யில்லை. ஒன்றை வைத்து மற்றதை அழித்தால் அட்டவணை சுத்தமாகும், தகவல் போய்விடும். ‘எவ்வளவு’ என்பதோடு ‘யார், எப்படி அளந்தது’ என்பதும் வரியை அடையாளம் காட்டும் சாவியின் பகுதியாக வேண்டும். உறவுநிலை முறையில் இதைச் செய்ய முடியும். ஆனால் அவசரமாகக் கட்டப்படும் அமைப்புகளில் ஒரே ஒரு ‘டன்’ கட்டமே வரையப்படுவதற்கு வாய்ப்பு அதிகம்.

காலம் இதைவிடக் கடினம். மத்தியப் பொதுத்துறை அதிகாரிகளின் ஊதியத் திருத்த ஆணை 2017 ஆகஸ்டில் வந்தது. நடைமுறை 2017 ஜனவரி 1 முதல். அரியர்ஸ் போடும் எழுத்தருக்கு இரண்டு கேள்விகள்: மார்ச் மாதம் ஓர் அதிகாரிக்கு என்ன சம்பளம் உரியது? மார்ச் மாதம் நாம் என்ன சம்பளம் என்று நினைத்திருந்தோம்? முதலாவது கொடுக்க வேண்டிய தொகை, இரண்டாவது கொடுத்த தொகை, வித்தியாசமே அரியர்ஸ். பழைய வரியின் மேல் புதியதை எழுதும் அட்டவணையில் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்காது. மின்கட்டணத்திலும் இதே கதை. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஐந்தாண்டுக் கட்டணக் காலம் முடிந்த பின் செலவுகளைச் சரிபார்த்து முந்தைய ஆண்டுகளுக்கான கட்டணத்தைத் திருத்துகிறது.

ரிச்சர்ட் ஸ்னாட்கிராஸ் 1980களிலிருந்தே இரண்டு கால அச்சுகளையும் மொழிக்குள் கொண்டுவர வாதாடினார். எஸ்கியூஎல் 2011 தரநிலை ஒரு வடிவத்தை ஏற்றது. ஐபிஎம் டிபி2, மைக்ரோசாஃப்ட், மரியாடிபி ஆகியவை அதன் பகுதிகளை வெவ்வேறு அளவில் தந்தன. போஸ்ட்கிரஸில் காலம் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது என்ற சாவி விதி 2025-இன் 18-ஆம் பதிப்பில்தான் வந்தது. இந்தியப் பொதுத்துறை எழுத்தர் பேரேட்டுக் காலத்திலிருந்து சிவப்பு மையில் செய்துவரும் வேலைக்குத் தரநிலை இவ்வளவு தாமதமாக வந்தது விசித்திரம்தான். முழுமையான இரட்டைக் கால அமைப்பு இன்னமும் பயன்படுத்துபவரே கட்டிக்கொள்ள வேண்டியதாகவே பெரும்பாலும் இருக்கிறது.

ஆள், நிலம், பெயர்

எல்லா உறவுநிலை வடிவமைப்பும் ஒரு சாவியில் தொடங்குகிறது: இந்த வரி யாருடையது? நிரந்தர ஊழியருக்கு எண் உண்டு. ஒப்பந்தத் தொழிலாளர் அப்படியல்ல. ஒப்பந்தக்காரர் மாறுவார், கேட் பாஸ் மாறும். வேலை பார்க்கும் இடமும் ஆளும் அதே. சாவி ஒப்பந்தக்காரரின் பட்டியல் எண்ணாக இருந்தால், பதினைந்து ஆண்டு உழைத்தவர் ஏட்டில் ஐந்து புதிய ஆட்களாகத் தெரிவார். பணி நிரந்தரக் கோரிக்கைகளில் தொடர்ச்சியான சேவை என்பதே வழக்கின் உயிர்நாடி. அட்டவணையின் சாவியைத் தேர்ந்தெடுப்பது இங்கே தொழில்நுட்ப முடிவு மட்டுமாக இருக்க முடியாது. எந்த ஆவணம் சாட்சியாக மிஞ்சும் என்பதை அதுவே பெரிதும் தீர்மானிக்கிறது.

நிலமும் அவ்வாறே. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்களின் இழப்பீடும் வேலைக் கோரிக்கையும் நெய்வேலியைச் சுற்றிப் பல பத்தாண்டுகளாகத் தொடரும் பிரச்சினை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் அது மீண்டும் போராட்டமானது. புல எண் உட்பிரிவாகப் பிரிந்துகொண்டே போகும். பட்டா தாத்தா பெயரில், அனுபவம் பேரனிடம், வேலைக் கோரிக்கை மருமகனுக்கு. நிலத்துக்கும் குடும்பத்துக்கும் வேலைக்கும் இடையே உள்ளது பலவற்றோடு பல இணையும் உறவு. நேர்மாறாக, ஒரு நிலத்துக்கு ஓர் உரிமையாளர் என்று வரைந்த அட்டவணை எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலேயே சிலரை வெளியே நிறுத்திவிடும்.

பெயரைப் பற்றிச் சுருக்கமாக. முதற்பெயர், குடும்பப்பெயர் என்ற இரு கட்டாயக் கட்டங்கள் தமிழரின் தலைப்பெழுத்தை எங்காவது திணிக்க வைக்கின்றன. தமிழில் அகரவரிசைப்படுத்தும்போதும் சிக்கல் உண்டு. யூனிகோட் அட்டவணையில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’ ‘ர’வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. குறியீட்டு எண்ணை வைத்து மட்டும் வரிசைப்படுத்தும் தரவுத்தளம் தமிழ் நெடுங்கணக்கைக் குலைத்துவிடும். இதற்கான வரிசை விதிகள் இப்போது கிடைக்கின்றன, ஆனால் தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும்.

உரிமக் கட்டணமும் ஆயுளும்

வணிக மென்பொருளா திறந்த மூலமா என்ற விவாதம் பெரும்பாலும் விலையைச் சுற்றியே நடக்கிறது. இந்திய அரசு 2015-இல் திறந்த மூலக் கொள்கையை அறிவித்தது. போஸ்ட்கிரஸின் வளர்ச்சி அத்தேர்வை நடைமுறையில் சாத்தியமாக்கியது. மைஎஸ்கியூஎல் 2008-இல் சன்னிடமும் 2010-இல் ஆரக்கிளிடமும் கைமாறியதைப் பார்த்தவர்களுக்கு, திறந்த மூலத்துக்கும் உரிமையாளர் உண்டு என்பது தெரிந்திருக்கும். விலையைவிடக் கவனிக்க வேண்டியது ஆயுள் என்று தோன்றுகிறது. சோவியத் உதவியோடு கட்டி 1962-இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. ஆனால் அங்கே வேலை பார்த்தவர்களின் ஓய்வூதிய, மருத்துவப் பதிவுகள் இன்னும் பல பத்தாண்டுகள் வேண்டியிருக்கும். எந்தத் தரவுத்தள மென்பொருளின் பதிப்பும் அவ்வளவு காலம் வாழ்ந்ததில்லை. எஸ்கியூஎல் மொழி வாழ்ந்திருக்கிறது. அட்டவணையாக வைத்ததை இன்னோர் அட்டவணைக்கு மாற்றுவது, புரோகிராமுக்குள் புதைந்த விதியை மாற்றுவதைவிட எளிது. காடின் பதிலுக்குச் சாதகமாக இன்று சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுவாக இருக்கலாம்.

தீராதவை

பணம், சேவை, இருப்பு, ஒதுக்கீடு ஆகியவற்றில் உறவுநிலைத் தரவுத்தளத்துக்கு நம்பகமான மாற்று இதுவரை தெரியவில்லை. எந்திர அளவுகளில் அதற்கு இடம் குறைவு. ஒரே மையமா, பல மையங்களா என்பதில் பொது விடை இருக்கும் என்று தோன்றவில்லை. ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் உரிமையாளரை முதலில் நிர்ணயித்தால் இரண்டும் ஓடும், நிர்ணயிக்காவிட்டால் இரண்டும் சிக்கும். இந்த நிர்ணயத்தை மென்பொருள் விற்பவர் செய்ய முடியாது.

இரட்டைக் காலத்தை ஒரு சாதாரண அலுவலகம் தவறில்லாமல் கையாளும் அளவுக்கு எளிமையாக்க முடியுமா என்பது திறந்தே இருக்கிறது. மதிப்பீட்டுப் பிழைக்கு உறுதியான எல்லை வகுக்கும் முறைகள் ஆய்வகத்திலிருந்து அன்றாட மென்பொருளுக்குள் எப்போது முழுதாக வரும் என்பதும் அப்படியே. ஒப்பந்தத் தொழிலாளர், நிலம் கொடுத்த குடும்பம் போன்றவர்களுக்கான சாவியை யார் கேட்டு, யார் ஒப்புக்கொண்டு தீர்மானிப்பது என்பதற்குத் தரவுத்தள இலக்கியத்தில் விடை தேடினால் கிடைக்காது. தொழிற்சங்கமும் வருவாய்த்துறையும் நீதிமன்றமும் அட்டவணை வரைபவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய கேள்வி அது.